தோட்டத்து வீட்டை இடிப்பதற்கு முன்னால்: கொங்குப் பண்ணைவீட்டின் கதையை எழுதுவதும் அதைக் காப்பதும்

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் காட்டுக்குள் (கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம்) ஒரு பழைய வீடு பாழாகிக் கொண்டிருக்கிறது என்றால், அதற்கு வயசு காரணமாக இருப்பது அபூர்வம். கூரை ஒழுகாத வரை நூறு வருஷத்து மண்சுவர் தானாக விழாது. வழக்கமாக நடப்பது இரண்டு. பட்டாவில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், ஓடு மாற்ற யாரும் காசு போட மாட்டார்கள். இல்லையென்றால் யாராவது ஒருத்தர் பாசத்தோடு காசு போட்டுச் சுவர் முழுக்க சிமெண்ட் பூசிவிடுவார். கூட்டுப்பட்டா மெதுவாகக் கொல்லும், சிமெண்ட் கொஞ்சம் சீக்கிரமாகக் கொல்லும். இந்த இரண்டிலிருந்தும் தப்பித்தால் மீதியைச் சமாளித்துவிடலாம்.

இப்படி ஒரு வீடு இருந்தும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பொங்கலுக்கு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு என்று சுருக்கமாகச் சொன்னாலும் நான் சொல்வது மொத்தத் தோட்டத்தையும்தான்: ஆசாரமும் (முன்கூடம்) திண்ணையும் உள்ள வீடு, பொடக்காளி (புழக்கடை), மாடு கட்டும் கட்டுத்தரை, செம்மறிப் பட்டி, கதிரடித்த களம், கவலை (மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்றம்) ஓட்டிய கிணறு, அப்புறம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் நிலம்). காங்கயம் மாட்டை வளர்த்தது இந்த முழு ஏற்பாடு. வீட்டை மட்டும் பளபளவென்று ஆக்கிவிட்டுக் கட்டுத்தரையை ஜேசிபி விட்டு நிரவினால், மிச்சம் இருப்பது கல்யாண போட்டோ எடுக்க ஓர் இடம், அவ்வளவுதான்.

தண்ணீரை நிறுத்துங்கள், மற்றதைத் தொடாதீர்கள்

போனவுடனே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஓடு நழுவிய இடத்தில் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். இரண்டு கூரைச் சரிவு சேரும் கூடுவாயில் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்டிருக்கும், அதை அள்ளி எடுங்கள். தொட்டிக்கட்டு வீடாக இருந்தால் நடுவாசலில் விழும் மழைத் தண்ணீர் வெளியே போகும் துவாரத்தில் குச்சி விட்டுப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சுவரின் கால் முழுக்க ஊறும். இதற்குப் பெரிய செலவு கிடையாது, ஒருநாள் கூலிதான்.

அதற்கு மேல் கொஞ்ச நாளைக்கு எதையும் கூட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம், "குப்பை" என்று எதையும் எரிக்க வேண்டாம். பழைய வீட்டுக் கதையில் பாதி இந்தச் சுத்தம் செய்யும் நாளில்தான் போய்விடுகிறது. அட்டாரியில் (பரணில்) இருக்கும் உடைந்த கலப்பை, தகரப் பெட்டி, மாட்டு மணி, தானியம் அளக்கும் படி, வள்ளம், எல்லாவற்றையும் இருக்கும் இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். சுவரை மறக்காதீர்கள். கரிக்கட்டையில் போட்ட பால் கணக்கு, கூலி பாக்கிக்கு இழுத்த கோடுகள், கதவுக்குப் பின்னால் எழுதிய குழந்தை பிறந்த தேதி, இதெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாக இருக்கும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் பகலில் தெரியாத எழுத்தும் கீறலும் மேலே எழுந்து வரும். போன் கேமராவே போதும்.

பத்திரத்தை இன்றிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்

குடும்பத்தில் சொல்லும் கதை எப்போதும் ஆதியில் ஆரம்பிக்கும். கூட்டம் (குலப்பிரிவு), குலதெய்வம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தோம் என்று. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆதாரம் தேடும்போது எதிர்த் திசையில் போங்கள். இன்றைய பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவுப்படம்), அ பதிவேடு (கிராமத்து நிலப் பட்டியல்) மூன்றையும் வருவாய்த்துறை இணையத்தளத்தில் எடுக்கலாம். இப்போது இருக்கும் பட்டாவின் வேர் 1979-இல் தொடங்கிய யூடிஆர் (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) வேலையில் இருக்கிறது. அப்போது பழைய பதிவேட்டிலிருந்து புதியதற்கு மாற்றி எழுதியபோது பெயர் விட்டுப்போனது, பரப்பு மாறியது, பக்கத்துக் காட்டு எண் விழுந்தது என்று குளறுபடிகள் ஏராளம். அதனால் பட்டாவை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பத்திரத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

வில்லங்கச் சான்று பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 வாக்கிலிருந்து இணையத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தியது வேண்டுமானால் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்திரத்திலும் முந்தைய ஆவண எண் இருக்கும், அதைப் பிடித்து அடுத்த நகலுக்கு மனுப் போடுங்கள். இப்படிப் படிப்படியாக இறங்கினால் இரண்டு மூன்று தலைமுறைக்குப் போய்விடலாம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். காங்கயம், தாராபுரம் வட்டங்கள் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம். பிறகு பெரியார் மாவட்டம், அதுவே பின்னால் ஈரோடு. 2009-இலிருந்து திருப்பூர். ஒரே காட்டுக்கு மூன்று மாவட்டத்துத் தலைப்பில் காகிதம் இருக்கும். திருப்பூரில் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். அதற்கும் முந்திய கும்பெனிக் காலத்து ஆவணம் வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகம். திப்பு வீழ்ந்து 1799-இல் கோயம்புத்தூர்ச் சீமை கும்பெனி கைக்குப் போனபிறகுதான் இந்தப் பக்கத்து நிலக் கணக்கு அவர்கள் பாணியில் ஆரம்பிக்கிறது.

கிராமக் கணக்கையும் விடாதீர்கள். பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980-இல் எடுத்துவிட்டு விஏஓவைக் கொண்டுவந்தார்கள். பழைய கணக்குப்பிள்ளை குடும்பத்தில் யாராவது ஊரில் இருந்தால் மரியாதையாகப் போய்க் கேளுங்கள், சில வீடுகளில் பழைய குறிப்புகள் இன்னும் இருக்கும்.

பத்திரத்தைப் படிக்கும்போது விலையையும் பெயரையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். சுவையான பகுதி அதற்குக் கீழேதான் இருக்கிறது. செக்குபந்தியை (நான்கு எல்லையை) பாருங்கள்: வடக்கே இன்னார் காடு, கிழக்கே தென்வடல் இட்டேரி (இரண்டு வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடம்), தெற்கே பள்ளம், மேற்கே குட்டை. இன்றைக்கு அந்தக் குட்டை இருக்காது, இட்டேரியைத் தார்ரோடு விழுங்கியிருக்கும். அப்புறம் உரிமைகளின் பட்டியல் வரும். கிணற்றில் நாலில் ஒரு பாகம், கவலை ஓட்டிக்கொள்ளும் முறைநாள், மாடு கன்று ஓட்டிப்போக வர மாமூல் தடம், இன்ன இன்ன மரங்கள். இதைக் காகிதத்தில் வரைந்தால் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய தோட்டத்தின் வரைபடம் கையில் வந்துவிடும். பரப்பு வள்ளக் கணக்கில் இருந்தால் ஒரு வள்ளம் ஏறக்குறைய நாலு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி தமிழ் வருஷத்தில் இருந்தால் அறுபது வருஷச் சுற்றில் எது என்று மற்ற ஆதாரத்தோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தாது என்று இருந்தால் அது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம், 1996-97 ஆகவும் இருக்கலாம். பஞ்சத்தைச் சேர்த்துச் சொன்னால் சந்தேகமே இல்லை, முதலாவதுதான்.

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் திடீரென்று பாகப்பிரிவினைப் பத்திரங்கள் குவிந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் ஏக்கர் கணக்கு) என்றார்கள், 1970-இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். அந்தக் காலத்தில் காகிதத்தில் மட்டும் பிரித்துக்கொண்டு ஒரே அடுப்பில் சாப்பிட்ட குடும்பங்கள் உண்டு. அந்தப் பத்திரம் சொல்வதையும் பெரியவர்கள் சொல்வதையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது, அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஸ்கேன் எடுத்துவிட்டுச் சுத்தமான காடாத்துணியில் சுற்றித் தரையில் படாமல் வையுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் நீங்களே பிரித்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம், காய்ந்த ஓலை மடக்கென்று ஒடியும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். செப்பேடு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், எழுத்தே போய்விடும்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

"நம்ம குடும்ப வரலாற்றைச் சொல்லுங்க" என்று ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "அதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்ப" என்பதோடு முடிந்துவிடும். அப்பத்தாவைக் கைபிடித்துத் தோட்டத்தைச் சுற்றிக் கூட்டிப்போங்கள். கிணற்றுமேட்டில் நின்று, "கவலை ஓட்டினது யாருங்க ஆத்தா? எந்த மாடு?" என்று கேளுங்கள். மாட்டின் பெயரோ நிறமோ வந்துவிட்டால், மயிலையா காரியா செவலையா என்று ஆரம்பித்து, எந்தச் சந்தையில் பிடித்தது, கண்ணபுரமா அந்தியூரா, என்ன விலை, யார் கூடப் போனார்கள் என்று தானாக வரும். மழை பெய்தால் எந்த மூலையில் படுப்பார்கள், பிரசவம் எந்த அறையில், வெல்லமும் புளியும் எங்கே வைப்பார்கள், விருந்தாளிக்கு எந்தத் திண்ணை என்று கேட்டால் வீட்டின் உள்படம் கிடைக்கும். இதையெல்லாம் ஆண்களிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் வழக்கு நம்பரைச் சொல்வார்கள்.

வருஷம் நினைவில்லாவிட்டால் பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். பவானிசாகர் அணை கட்டுவதற்கு முன்னாலா பின்னாலா (அணை முடிந்தது 1955), காமராஜர் ஆட்சியிலா, எமர்ஜென்சிக்கு அப்புறமா, தோட்டத்துக்குக் கரண்டு வந்த பிறகா என்று.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தின் கதை பட்டாவில் பெயர் உள்ளவர்களின் கதை மட்டும் இல்லை. விடியலுக்கு முன்னால் கவலை ஓட்டியவர், பட்டி காத்த பையன், பறி (கவலையில் தண்ணீர் மொள்ளும் தோல்பை) தைத்துக் கொடுத்தவர், கலப்பைக் கொழு அடித்துக் கொடுத்த ஆசாரி, சாணி அள்ளியவர்கள், இவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரிலேயே இருப்பார்கள். அவர்களிடமும் போய்க் கேளுங்கள். யார் எந்த வாசல் வரைக்கும் வரலாம், யாருக்கு எந்தக் குவளையில் தண்ணீர், வருஷக் கூலி என்ன, பண்ணையத்துக்கு முன்பணம் வாங்கியவர் எப்போது அதிலிருந்து வெளியே வந்தார் என்பதெல்லாம் கேட்கச் சங்கடமாக இருக்கும், கேட்டு எழுதத்தான் வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதும் குடும்ப வரலாறு கல்யாண மலரில் போடத்தான் லாயக்கு.

வீட்டையே ஆவணமாகப் படிப்பது

யாருக்கும் கட்டிய வருஷம் தெரியவில்லையா, வீடே கொஞ்சம் சொல்லும். சீமை ஓட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள், தொழிற்சாலைப் பெயர் அச்சாக இருக்கும். மங்களூரில் பேசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலையை ஆரம்பித்தது 1865-இல். ஓட்டிலேயே 1865 என்று இருந்தால் அது தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம், உங்கள் வீட்டு வருஷம் இல்லை. இதை வைத்துக்கொண்டு "எங்க வீடு நூத்தி அறுபது வருஷம்" என்று சொல்கிறவர்கள் நிறைய. முதல் உலகப்போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின, அதனால் பேசல் மிஷன் பெயர் இருந்தால் ஓடு அதற்கு முந்தியது என்று ஓரளவு நம்பலாம். ஆனால் ஓட்டைப் பிரித்து வேறு வீட்டுக்கு மேய்வது சகஜம். அதனால் ஓட்டின் வயசும் வீட்டின் வயசும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரும்பு உத்தரம் இருந்தால் அதன் வயிற்றில் எழுத்து இருக்கும். டார்மன் லாங் என்று இருந்தால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. சிமெண்டுக்கு ஒரு கணக்கு: கோவைக்குப் பக்கத்து மதுக்கரை சிமெண்ட் ஆலை 1934-இல் வந்தது. அதற்கு முந்தைய தோட்டத்து வீட்டில் சிமெண்ட் தெரிந்தால் பின்னால் சேர்த்த வேலை என்று சந்தேகப்படுங்கள். நீலகிரியில் பைக்காரா நீர்மின்சாரம் 1932-இல் தொடங்கியது, ஆனால் காட்டுக்குள் கம்பி வர இன்னும் பல வருஷம் ஆனது. கிணற்று மேட்டில் மோட்டார் ரூம் எந்தக் கல்லை உடைத்துக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் கவலைக் கல்லையேதான் அடித்தளத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் கல்லில் வடம் உராய்ந்த தடம், விரல் வைத்தால் முழு விரலும் உள்ளே இறங்கும் அளவுக்கு வழவழவென்று இருக்கும்.

கல்தொட்டி, செக்குக்கல், துணி துவைக்கும் கல் எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள். கொங்கில் புலிகுத்திக் கல்லும் (புலியோடு போராடிய வீரருக்கு நட்டது) நடுகல்லும் வேலியோரம் கவிழ்ந்து கிடப்பது புதிதில்லை. எழுத்தோ உருவமோ தெரிந்தால் மாவு பூசிப் படிக்காதீர்கள், சுத்தமான தண்ணீர் தெளித்துப் பக்க வெளிச்சத்தில் படம் எடுத்தால் போதும். மண்ணைத் தோண்டும்போது காசுப் பானை மாதிரி ஏதாவது வந்தால் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஊருக்குள் பேச்சு பரவுவதற்கு முன்னால் நீங்களே தெரிவிப்பது நல்லது.

அப்புறம் டேப் எடுத்து வீட்டை அளந்து கட்டம்போட்ட தாளில் வரையுங்கள். சுவர்ப் பருமன், கதவு நிலை உயரம், தூணுக்குத் தூண் தூரம். இந்த வரைபடம் இல்லாமல் கொத்தனாரை உள்ளே விடாதீர்கள்.

பங்காளிகள்

ஒழுகும் கூரையைவிடக் கஷ்டமான வேலை இதுதான். வீட்டுக்கு உரிமை உள்ளவர்கள் எல்லோரையும் தாளில் எழுதுங்கள். பெண்களையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் நாடு முழுக்க 2005 திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை கொடுத்துவிட்டன (1989-க்கு முன்னால் கல்யாணமானவர்களை முதலாவது விட்டுவிட்டது, இரண்டாவது அவர்களையும் சேர்த்தது). குடும்ப வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் கேட்க முடியாது என்று இருந்த பழைய பிரிவையும் 2005-இல் எடுத்துவிட்டார்கள். "அத்தைக்கெல்லாம் அப்பவே சீர் செஞ்சாச்சு" என்பது ரிஜிஸ்தர் ஆபீசில் செல்லாது. அத்தையிடம் நேரில் போய்ப் பேசிவிடுவது மரியாதையும்கூட, செலவும் குறைவு.

சில வழிகள் இருக்கின்றன. வீட்டின் மேல் ஆசை உள்ளவர் மற்றவர்களுக்கு ஈடாகக் காட்டையோ பணத்தையோ கொடுத்து விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கிக்கொள்வது, என் கணக்கில் இதுதான் நிலைக்கும். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதினால் முத்திரைத்தாள் கட்டணத்தில் சலுகை உண்டு. இரண்டாவது, 1882 சட்டப்படி தனியார் டிரஸ்ட் எழுதி வீட்டையும் களத்தையும் அதில் வைப்பது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் வருஷா வருஷம் யார் காசு போடுவது என்று பத்திரத்தில் எழுதாவிட்டால் டிரஸ்டும் கூட்டுப்பட்டா மாதிரியே படுத்துவிடும். மூன்றாவது, பாகப்பிரிவினையில் வீட்டைப் பொதுவில் விடுவது. இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். பொது என்றால் யாருடையதும் இல்லை.

ஒரு பங்காளி கோபத்தில் தன் பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால்? 1893-ஆம் வருஷத்துப் பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தில் பங்குள்ள ஒருவர் அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இது வீட்டுக்குத்தான், காட்டுக்குப் பொருந்தாது. வக்கீலிடம் போகும்போது இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பங்கு முடியாத வீட்டில் பெரிய செலவு செய்ய வேண்டாம். தார்ப்பாயும் ஓடும் போதும்.

கூரை, சுவர், மரம்

வேலையைக் கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள். சீமை ஓட்டைப் பிரித்து, உடையாததைக் கழுவி அடுக்கி, அடியில் உள்ள கைமரமும் ரீப்பரும் பார்த்துவிட்டுத் திரும்ப மேயலாம். ஓடு குறைந்தால் இடிக்கிற வீடுகளில் பழைய ஓடு வாங்குங்கள், அச்சு ஒத்துப்போகிறதா என்று ஒன்றைக் கொண்டுபோய்க் கோத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இப்போது எங்கள் பக்கம் கூரைக்குப் பெரிய தொந்தரவு மயில். ஏறி இறங்கி ஓட்டை நகர்த்திவிடுகிறது, விரட்டலாம், அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. மேல் வரிசையும் ஓர வரிசையும் சுண்ணாம்புக் காரையில் பதித்துவிட்டால் ஓரளவு தாங்கும்.

மரத்தில் பார்க்க வேண்டியது சுவருக்குள் போகும் முனை. நடுவில் தட்டினால் கணீரென்று இருக்கும் உத்தரம், சுவரோரம் தட்டினால் பொத்தென்று கேட்கும். திருப்புளியைக் குத்திப் பாருங்கள், இறங்கினால் அந்த முனையை மட்டும் வெட்டி அதே மரத்தில் ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரியைத் தேடுங்கள். மொத்த உத்தரத்தையும் மாற்றச் சொல்கிறவர் வேலை தெரியாதவராக இருக்கலாம், உங்கள் பழைய தேக்கின் விலை தெரிந்தவராகவும் இருக்கலாம். தூணையும் கதவு நிலையையும் "பழசு வாங்குறோம்" என்று வந்து கேட்பவர்களுக்கும் இதே பதில். பூட்டிக் கிடக்கும் வீட்டில் கரையான் புற்று சுவரில் கோடாக ஏறும், மாதம் ஒருமுறை யாராவது விளக்குமாற்றால் தட்டிவிட்டாலே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். முன்னே தினமும் அடுப்புப் புகை போய்க்கொண்டிருந்தது, அதுவே மரத்துக்குக் காவல்.

இப்போது சுவர். மண்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் கீழேயிருந்து ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், மண் குழையும், உப்புப் பூக்கும். வெளியே பார்த்தால் சுவர் நன்றாகத்தான் இருக்கும். விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் அது பலகை பலகையாகக் கழன்று விழும், உள்ளே மண்ணும் கூடவே வரும். "பழைய சுவர் உளுத்துப்போச்சுங்க, இடிச்சுடலாம்" என்று கொத்தனார் சொல்வது அன்றைக்குத்தான். எமல்ஷன் பெயிண்டும் இதே வேலையை மெதுவாகச் செய்யும்.

பிரிந்த சிமெண்டை மட்டும் பக்குவமாக எடுங்கள், கெட்டியாகப் பிடித்திருப்பதை இடித்து எடுத்தால் சுவரும் சேர்ந்து வரும். சுவரைச் சில வாரம் காயவிடுங்கள். வெளியே சுவரோரம் மண் மேடேறி உள்தரையைவிட உயர்ந்திருந்தால் வெட்டி இறக்கித் தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுவது மாதிரி வாட்டம் கொடுங்கள். பலபேர் இதைச் செய்யாமல் வாட்டர் புரூபிங் என்று மருந்து வாங்கி அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கு: நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் குறைந்தது சில வாரம் ஊறவிட வேண்டும், நாள் ஆக ஆக வெண்ணெய் மாதிரி ஆகும். ஒரு பங்குக்கு இரண்டரை, மூன்று பங்கு சலித்த மணல். கடுக்காயைத் தட்டி ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். அளவு ஒவ்வொரு கொத்தனாருக்கும் ஒன்று, அதனால் வீட்டுக்குப் பின்பக்கச் சுவரில் இரண்டு மூன்று விதமாகச் சின்னச் சின்னப் பட்டையாகப் பூசி ஒரு மாதம் பாருங்கள். எது வெடிக்கவில்லையோ அது. மெல்லிசாக, பல தடவையாகப் பூச வேண்டும், ஏனென்றால் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது, தடியாக அப்பினால் உள்ளே இறுகாது. சித்திரை வெயிலில் ஆரம்பிக்காதீர்கள், அடைமழையிலும் வேண்டாம். தை மாசி சரியான காலம். ஈரச் சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த வயசான கொத்தனார் கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள், கூட ஒரு இளைஞரைச் சம்பளத்தோடு வேலை கற்கப் போடுங்கள். மண் வேலையைப் படிக்க வேண்டுமென்றால் ஆரோவில்லில் பூமி நிறுவனம் பயிற்சி நடத்துகிறது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்புக்குக் கோவையில் கிளை இருக்கிறது, ஆலோசனை கேட்கலாம். அரசாங்கம் தனியார் தோட்டத்து வீட்டுக்குப் பணம் தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கட்டுத்தரையும் கொறங்காடும்

கட்டுத்தரையைக் காப்பாற்ற ஒரே வழி மாடு கட்டுவது. ஒரு பசு இருந்தாலும் போதும், தினம் ஒரு ஆள் வருவார், ஓடு நழுவியது தெரியும், பாம்பு நடமாட்டம் குறையும். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் (பரம்பரைத் தலைவர் குடும்பத்தார்) தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த மாடு இந்தக் காங்கயம். கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகும். பழையகோட்டை மாட்டுத்தாவணியிலோ சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தையிலோ பார்த்து வாங்கலாம். இனம் பற்றிக் கேட்கக் குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கொறங்காட்டுக்குத் தேவை மூன்றே உயிர்கள்: கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம், கிளுவை வேலி. புல் காய்ந்து நின்றாலும் மாடு மேயும், மழை வந்தால் வேரிலிருந்து துளிர்க்கும். வெள்வேலம் நிழலும் கொடுக்கும், காயும் கொடுக்கும். வேலியில் இடைவெளி விழுந்தால் கம்பிவேலிக்குப் போகாமல், ஈரம் இருக்கும்போது கிளுவைப் போத்து வெட்டி நட்டுவிடுங்கள், பிடித்துக்கொள்ளும். சீமைக்கருவேலம் தலைகாட்டினால் கன்றிலேயே வேரோடு பிடுங்க வேண்டும், வெட்டிவிட்டால் மறுபடி கிளைத்துப் புதராகும். காட்டை நாலு பாகமாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்ப்பதுதான் பழைய முறை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் புல்வேரையும் செம்மறி கடித்துவிடும்.

நீங்கள் கோவையிலோ பெங்களூரிலோ இருந்தால் மேய்ச்சலுக்குக் குத்தகை விடலாம், ஆனால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வெள்வேலம் வெட்டக் கூடாது, எத்தனை உருப்படி மேய்க்கலாம், எந்தப் பாகம் எந்த மாதம் மூடியிருக்க வேண்டும், வேலி இடைவெளியை யார் அடைப்பது, கல்தொட்டிக்கு யார் தண்ணீர் விடுவது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைப் பணத்தைக் கொஞ்சம் குறைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக் கூரையில் ஏறிக் கூடுவாயைச் சுத்தம் செய்து படம் எடுத்து அனுப்புவதையும் அதே தாளில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.